வெங்காயம் மட்டும் நீங்கலாக

அமெரிக்காவின் பண்டச் சந்தைச் சட்டத்தில் "பண்டம்" என்ற சொல்லுக்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. கோதுமை, பருத்தி, அரிசி, சோளம், வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு, சோயா அவரை, கால்நடை, உறையவைத்த தோடம்பழச் சாறு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எழுதிக் களைத்த யாரோ ஒரு சட்டத்தரணி "மற்றும் ஏனைய எல்லாப் பொருள்களும்" என்று முடிக்கப் பார்த்திருப்பார் போல. ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. வெங்காயம் நீங்கலாக.

அரிசிக்கு இல்லாத தடை, பெற்றோலுக்கு இல்லாத தடை, தங்கத்துக்கு இல்லாத தடை வெங்காயத்துக்கு இருக்கிறது. 1958 முதல் இன்றுவரை அமெரிக்காவில் வெங்காயத்தை முன்பேரச் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. (2010 இல் சினிமா வசூலையும் இந்தத் தடையில் சேர்த்தார்கள். வெங்காயத்துக்கு ஒரு துணை கிடைத்தது.)

இந்த விஷயம் எனக்கு ஒரு புத்தகத்தில் கிடைக்கவில்லை. நான் கணினித் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக, தானிய விலைகளைக் கையாளும் மென்பொருள் ஒன்றில் வேலை செய்தேன். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்ற விதிகளுக்கு நடுவில் வெங்காயத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. யாரோ பகிடிக்கு எழுதியது என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடிக்காத குறை. "தொடாதே, அது சட்டம்" என்றார்.

அன்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது 2022 இல். உக்ரேனில் போர் தொடங்கியதும் மார்ச் மாதம் சிக்காகோவில் கோதுமை விலை வரலாறு காணாத உயரத்துக்கு ஏறியது. அதே மாதங்களில் இலங்கையில் டொலர் இல்லை, எரிவாயு இல்லை, பாண் விலை நாளுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி தொலைபேசியில் கதைத்து முடித்ததும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீ செய்யிறது சாப்பாட்டு விலையைக் கூட்டுற வேலையோ?"

இல்லை என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. இலங்கையின் நெருக்கடிக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. ஒரு மேசையில் இருந்துகொண்டு கோதுமையையே பார்க்காமல் கோதுமை வாங்கி விற்கிறவர்களால் இன்னொருவரின் சாப்பாடு விலை ஏறுமா என்பதுதான் கேள்வி. அதைத் தேடப் போனபோது நான் அழிக்கப் பார்த்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்த கதை கிடைத்தது. உங்களில் பலர் வணிகப் படிப்பும் கணினியும் படிக்கிறீர்கள், நாளைக்கு இதே மேசைகளில் இருக்கப்போகிறீர்கள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் முன்பேரம் என்றால் என்ன என்பது. நீங்கள் ஒரு விவசாயி என்று வையுங்கள். இப்போது வைகாசி, நாற்று நடுகிறீர்கள். அறுவடை புரட்டாதியில். அப்போது விலை என்ன என்று யாருக்கும் தெரியாது. நகரத்தில் ஒரு சூப் தொழிற்சாலைக்காரருக்கும் அதே பயம், ஆனால் எதிர்ப்பக்கப் பயம். இருவரும் இன்றே ஒரு விலையைப் பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். இதுதான் முன்பேர ஒப்பந்தம். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பெரிய சந்தை, சிக்காகோ போர்ட் ஒப் ட்ரேட், 1848 இலேயே தொடங்கிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒப்பந்தக் காகிதத்தையே வாங்கி விற்கலாம். விலை ஏறும் என்று நினைப்பவர் காகிதத்தை வாங்கி வைப்பார். இறங்கும் என்று நினைப்பவர் தன் கையில் இல்லாத வெங்காயத்தை இன்றைய விலைக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதுவார். நாளைக்கு விலை விழுந்ததும் மலிவாக வாங்கிக் கொடுத்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார். இவர்களைத்தான் ஊக வணிகர் என்கிறோம். இரண்டாவது வகையை நினைவில் வைத்திருங்கள். விலை விழுந்தாலும் இலாபம் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கதையின் சாவி.

சிக்காகோவில் இன்னொரு சந்தையும் இருந்தது. 1898 இல் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் என்று தொடங்கி, 1919 இல் சிக்காகோ மேர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் மாறிய சந்தை. பெரிய சந்தை கோதுமையும் சோளமும் விற்க, இது சின்னத் தம்பி மாதிரி மிச்சம் மீதியை விற்றது. 1940களில் அங்கே வெங்காயமும் வந்தது. 1955 அளவில் அந்தச் சந்தையின் வியாபாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெங்காயம்தான்.

அங்கே வந்தார் வின்சென்ட் கொசுகா. நியூயோர்க் மாநிலத்தில் பைன் ஐலண்ட் என்று ஓர் ஊர். பெயரில் தீவு இருந்தாலும் அது தீவு இல்லை. சதுப்பு நிலத்தை வடித்தெடுத்த கரிய மண், வெங்காயத்துக்கென்றே செய்தது போன்ற மண். அங்கே அவரும் ஒரு வெங்காய விவசாயி. இதைக் கவனியுங்கள். ஊக வணிகர் என்றதும் நாங்கள் கோட் போட்ட நகரத்து ஆளை நினைக்கிறோம். இவர் மண்ணில் நின்றவர். அவருடன் சேர்ந்தவர் சாம் சீகல், சிக்காகோவில் காய்கறி வியாபாரமும் குளிர்களஞ்சியமும் வைத்திருந்தவர். ஒருவருக்கு வெங்காயம் தெரியும், மற்றவரிடம் களஞ்சியம் இருந்தது.

1955 இலையுதிர் காலத்தில் இருவரும் வாங்கத் தொடங்கினார்கள். காகிதத்தையும் வாங்கினார்கள், உண்மையான வெங்காயத்தையும் வாங்கினார்கள். நாட்டின் மற்ற இடங்களிலிருந்து வெங்காயம் சிக்காகோவை நோக்கி ரயில் ஏறியது. ஒரு கட்டத்தில் சிக்காகோவில் கிடைக்கக்கூடிய வெங்காயத்தில் 98 வீதம் இவர்கள் கையில். 3 கோடி இறாத்தல், அதாவது ஏறக்குறைய 14,000 தொன். 50 இறாத்தல் மூட்டைகளாக எண்ணினால் 6 லட்சம் மூட்டைகள்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் விலையை ஏற்றி, ஏழைகளை வாட்டி, பணம் பார்ப்பார்கள். இவர்கள் செய்தது வேறு. விவசாயிகளையும் வாங்கிப் பொதிசெய்பவர்களையும் கூப்பிட்டு, "எங்களிடம் இருக்கும் வெங்காயத்தை நீங்கள் வாங்குங்கள், வாங்காவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டுவோம், உங்கள் விலை போய்விடும்" என்றார்கள். வாங்கினால் அந்தப் பருவம் முடியும்வரை தாங்கள் சந்தையில் கொட்டமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். விவசாயிகள் வாங்கினார்கள். தங்கள் தோட்டத்து வெங்காயம் போதாதென்று இவர்களுடைய வெங்காயத்தையும் விலை கொடுத்து வாங்கினார்கள். விலை நின்றால் போதும் என்ற கணக்கு.

அவர்கள் வாங்கிக்கொண்டிருக்கும்போதே இருவரும் சத்தமில்லாமல் மறுபக்கம் மாறினார்கள். விலை விழும் என்ற பக்கத்துக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

இனி நடந்ததைப் படித்தபோது எனக்குள் இருக்கும் பொறியியலாளன் ஒரு நிமிடம் வெட்கமில்லாமல் வியந்தான், உண்மையைச் சொல்கிறேன். வெங்காயம் தங்கம் இல்லை, களஞ்சியத்தில் கிடந்தால் பழுதாகும், முளைக்கும், தோல் கழலும். பழுதாகத் தொடங்கிய வெங்காயத்தை சிக்காகோவுக்கு வெளியே அனுப்பி, துப்புரவாக்கி, புது மூட்டையில் கட்டி, திரும்பவும் சிக்காகோவுக்கே கொண்டுவந்தார்கள். ரயில் பெட்டி பெட்டியாக வெங்காயம் வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அட, இவ்வளவு வெங்காயம் வருகிறதே, விலை விழப்போகிறது என்றுதான். அது போன அதே வெங்காயம் என்று யாருக்குத் தெரியும்? ஒரே தரவை இரண்டு தரம் எண்ணவைத்தார்கள். என் தொழிலில் இப்படி ஒரு பிழை வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துவோம். இவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்.

1956 மார்ச், வெங்காயப் பருவத்தின் முடிவு. கையில் இருந்த எல்லாவற்றையும் சந்தையில் கொட்டினார்கள். 1955 ஓகஸ்டில் 2 டொலர் 75 சதம் விற்ற 50 இறாத்தல் மூட்டை, 10 சதத்துக்கு வந்து நின்றது.

10 சதம் என்றால் வெறும் சாக்கின் விலையைவிடக் குறைவு. உள்ளே வெங்காயம் இருந்ததால் சாக்கின் பெறுமதி குறைந்தது என்று சொல்லவேண்டும். பல விவசாயிகளுக்கு அனுப்பிய வெங்காயத்துக்குப் பணம் வரவில்லை, அதை அகற்றுவதற்கான செலவுக் கணக்குத்தான் வந்தது. பலர் முறிந்துபோனார்கள். இதே நேரத்தில், எல்லாம் சிக்காகோவுக்கு இழுக்கப்பட்டதால், நாட்டின் வேறு சில இடங்களில் வெங்காயத் தட்டுப்பாடு. ஓர் ஊரில் அழுகி நாறுகிறது, இன்னோர் ஊரில் சமைக்க இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 லட்சம் மூட்டை, 2 டொலர் 75 சத விலையில் 16 லட்சத்து 50 ஆயிரம் டொலர். 10 சத விலையில் 60 ஆயிரம். வெங்காயம் அதே வெங்காயம்தான். ஒரு புயலும் வரவில்லை, ஒரு வெள்ளமும் வரவில்லை.

விவசாயிகள் கொதித்துப்போய் வாஷிங்டனுக்கு எழுதினார்கள். காங்கிரசில் விசாரணைகள் நடந்தன. வெங்காயம் விளையும் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினர் வெங்காய முன்பேரத்தை அடியோடு தடைசெய்யும் சட்டத்தை முன்வைத்தார். அவர் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட், பிறகு ஜனாதிபதியானவர். ஒரு எலிக்காகக் களஞ்சியத்தையே கொளுத்துகிறீர்கள் என்ற பொருளில் சிக்காகோச் சந்தையின் தலைவர் சத்தம் போட்டார். 1958 ஓகஸ்டில் ஐசனோவர் கையெழுத்திட்டார். சந்தை நீதிமன்றம் போய்ப் பார்த்தது, பயனில்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் நல்லவர் கெட்டவர் கதையாக அழகாக முடிந்திருக்கும். ஆனால் தேடத் தேட அது அவ்வளவு நேராக இல்லை.

1959 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கெலி எதிர் கொசுகா. கொசுகாவிடம் 50 ரயில் பெட்டி வெங்காயம் வாங்க ஒப்புக்கொண்ட ஒருவர் முழுப் பணத்தையும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வியாபாரமே விலையைத் தூக்கிப் பிடிக்கும் சட்டவிரோதக் கூட்டு, ஆகவே நான் பணம் கட்டத் தேவையில்லை" என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய வெங்காயத்துக்குக் காசு கட்டு என்றது. வென்றவர் கொசுகா. எனக்கு இதில் உறைத்தது தீர்ப்பு அல்ல, அந்த வாதம். விலையைச் செயற்கையாகப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டில் வாங்கியவர்களும் கைநனைத்திருந்தார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டது உண்மை. சாப்பிடுகிறவன் கூடுதல் விலை கொடுக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்குத் தலையாட்டிய பிறகே ஏமாற்றப்பட்டார்கள் என்பதும் உண்மை.

சரி, தடை வந்தபின் வெங்காய விலை அமைதியானதா? ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோல்புரூக் வேர்க்கிங் என்ற பொருளியலாளர் 1960 இல் கணக்குப் பார்த்தார். முன்பேரம் இருந்த வருடங்களில் வெங்காய விலையின் ஆட்டம் குறைவாகவே இருந்தது என்றார். தடைக்குப் பின் ஆட்டம் மீண்டும் கூடியது என்று 1963 இல் றொஜர் கிரே எழுதினார். பின்னர் வந்த ஓர் அரசாங்க ஆய்வு, பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. எப்படிப் பார்த்தாலும், தடை வெங்காய விலையை அடக்கியதாக யாரும் காட்டவில்லை. முன்பேரமே இல்லாத வெங்காயம் 2006க்கும் 2008க்கும் இடையில் பல மடங்கு ஏறி, பிறகு தலைகுப்புற விழுந்து, திரும்பவும் ஏறியது. மழையும் விதைப்பும் போதும், வேறு யாரும் தேவையில்லை.

சிக்காகோச் சந்தைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெங்காயம் போன வெறுமையில் 1961 இல் உறையவைத்த பன்றி வயிற்றிறைச்சியை விற்கத் தொடங்கினார்கள், 1972 இல் நாணயங்களை. 2007 இல் அந்தச் சின்னத் தம்பி தன் அண்ணனையே, 1848 இன் அந்தப் பெரிய சந்தையையே, தன்னுடன் இணைத்துக்கொண்டது. நான் வேலை செய்த மென்பொருளில் ஓடிய கோதுமை விலையும் அங்கிருந்துதான் வந்தது.

அப்பாவின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, தெரியும். அதற்கு 2008க்குப் போகவேண்டும். அந்த வருடம் உலகம் முழுக்க உணவு விலை ஏறி, ஹெயிட்டியிலிருந்து எகிப்து வரை தெருக்களில் கலவரம். மே மாதம் மைக்கேல் மாஸ்டர்ஸ் என்ற நிதி முகாமையாளரே அமெரிக்க செனட்டுக்கு வந்து, ஓய்வூதிய நிதிகளும் பெரிய முதலீட்டாளர்களும் பண்டங்களைப் பங்குகளைப் போல வாங்கிக் குவிப்பதால்தான் விலை ஏறுகிறது என்று சாட்சி சொன்னார். பொருளியலாளர்கள் அதைப்பற்றி இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். இந்தியா அதற்கு முந்திய வருடமே கோதுமை, அரிசி, துவரை, உளுந்து முன்பேரத்தை நிறுத்திவிட்டது. விலையேற்றத்துக்கு முன்பேரம்தான் காரணம் என்று தெளிவாகச் சொல்லமுடியவில்லை என்று, ஆராய நியமித்த அபிஜித் சென் குழு 2008 இல் அறிக்கை கொடுத்தது.

எனக்கு அந்த வருடத்தில் பாடமாக இருப்பது அரிசி. உலகச் சந்தையில் சில மாதங்களில் ஏறக்குறைய மூன்று மடங்காகி, தொன் ஒன்று 1000 டொலர் தொட்டது. ஆனால் கோதுமையோடு ஒப்பிட்டால் அரிசியில் முன்பேர வியாபாரம் மிகச் சிறியது. ஏற்றியது யார்? முதலில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, பிறகு வியட்நாம் கட்டுப்படுத்தியது, பிலிப்பைன்ஸ் பயந்துபோய் என்ன விலைக்கும் வாங்கியது. வியாபாரிகள் மூட்டைகளை உள்ளே இழுத்தார்கள், வீடுகளில் மக்களும் வாங்கி அடுக்கினார்கள். பயம் ஒன்றுதான் அங்கே காகிதம்.

அப்பாவிடம் நான் சொன்ன பதில் இதுதான். பார்க்காத கோதுமையைக் காகிதத்தில் வாங்கி விற்பவர் விலையைக் கொஞ்ச நாளுக்கு உதைத்துத் தள்ளலாம், அதுவும் ஏற்கெனவே தட்டுப்பாடு இருக்கும்போது. அது சும்மா இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடும் வீட்டில் கொஞ்ச நாளும் பெரிய நாள்தான். ஆனால் உண்மையான ஆபத்து, ஒரு கையில் காகிதமும் மறுகையில் களஞ்சியத் திறப்பும் வைத்திருப்பவர். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும், மற்றவர்கள் ரயில் பெட்டியை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கொசுகாவைத் தடுக்க வெங்காயத்தைத் தடைசெய்திருக்கத் தேவையில்லை. ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற எல்லையும், களஞ்சியத்தில் உள்ளதை வெளியே சொல்லவேண்டும் என்ற விதியும் போதும் என்பது என் எண்ணம். அந்த மென்பொருளில் அப்படியான எல்லைகளைச் சரிபார்க்கும் பகுதிதான் எனக்கு அலுப்பான பகுதியாக இருந்தது. இப்போது அப்படி நினைப்பதில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறொரு கதை சொன்னார். அப்பப்பாவுக்கு வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத் தோட்டம் இருந்தது. 1970 இல் வந்த அரசாங்கம் வெங்காயத்தையும் மிளகாயையும் இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதும் யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரருக்கு ஒரு காலம் வந்தது. கல்வீடு கட்டினார்கள், நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அப்பாவின் படிப்பும் அந்த வெங்காயத்தில்தான். 1977 இல் அரசாங்கம் மாறிப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கியது. அப்பப்பா சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்த நாளும் உண்டு என்றார்.

"அங்க ஒரு கொசுகாவும் இல்லை, காகிதமும் இல்லை. கொழும்பில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அது இன்றும் அப்படித்தான் நடக்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா தன் நாட்டில் விலையை அடக்க வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது, இலங்கையில் கறிக்குத் தாளிக்க வெங்காயம் எட்டாத விலைக்குப் போனது. அதே தடையால் மகாராஷ்டிர விவசாயிகளுக்கு விலை விழுந்தது, அவர்கள் தெருவில் இறங்கினார்கள். நகரத்தில் வாங்குகிறவரின் கோபத்துக்கு வாக்கு இருக்கிறது, அதனால் கையெழுத்து வேகமாக விழுகிறது.

கதை முடிந்து எழும்பும்போது அப்பா கேட்டார், "அந்த ஊர்ச் சனம் பிறகு என்ன பயிர் செய்தவை?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். பைன் ஐலண்டின் கரிய மண்ணில் இன்றும் வெங்காயம்தான் போடுகிறார்கள்.

"பின்னென்ன?" என்றார். "மண் வெங்காய மண் எண்டால் வேற என்னத்தைப் போடுறது?"